225 சூரியன்களின் எடை, 0.1 விநாடி ஆதாரம்: ராட்சதக் கருந்துளைகளின் மோதலை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

2023 நவம்பர் 23, வியாழக்கிழமை. இரவு 7 மணி 24 நிமிடம். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விசாகப்பட்டினத்தில் இந்தியா – ஆஸ்திரேலியா முதல் டி20 போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இல்லை, ஆபீஸில் லாக்-அவுட் பண்ணும் அவசரத்தில் இருந்திருக்கலாம்.

அந்த நேரத்தில் ஓர் அலை பூமியைக் கடந்து போனது. உங்கள் உடல் வழியாகவும்தான் போனது. உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆய்வு மையங்களில் அது பதிவானது. பதிவானது எவ்வளவு நேரம்? சுமார் 0.1 விநாடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

அந்தத் துளி டேட்டாவை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வேலை செய்தார்கள். 2025 ஜூலை 14ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த மாநாட்டில் முடிவை அறிவித்தார்கள்: இரண்டு ராட்சதக் கருந்துளைகள் மோதி, சூரியனைப் போல சுமார் 225 மடங்கு எடையுள்ள ஒரே கருந்துளையாகிவிட்டன. ஈர்ப்பு அலைகள் மூலம் அதுவரை கண்டறியப்பட்ட மோதல்களிலேயே இதுதான் மிகப் பெரியது.

0.1 விநாடியில் இத்தனை விஷயமா? அதை நம்பலாமா? நியாயமான கேள்வி. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• நிகழ்வின் பெயர் ஜிடபிள்யூ231123. ஈர்ப்பு அலையைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஆண்டு, மாதம், தேதி. அவ்வளவுதான்.
• மோதிய கருந்துளைகளின் எடை: ஒன்று சுமார் 137 சூரியன், இன்னொன்று சுமார் 100 சூரியன்.
• இந்த எடையில் கருந்துளைகள் சாதாரணமாக உருவாக முடியாது என்பதுதான் நட்சத்திரங்கள் பற்றிய இப்போதைய புரிதல்.
• கருந்துளை கனமாக ஆக, நமக்குக் கிடைக்கும் சிக்னல் சிறியதாகிறது. அதனால் இது போன்ற கண்டுபிடிப்புக்கு ஒரு டிடெக்டர் போதாது. இரண்டாவது கட்டாயம், மூன்றாவது இருந்தால் ரொம்ப நல்லது.

ஈர்ப்பு அலை என்றால் என்ன?

கனமான பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்று ஐன்ஸ்டைன் 1915இல் சொன்னார். அப்படிப்பட்ட கனமான பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றினால், அந்த வளைவு அலையாகப் பரவும் என்பது அதற்கு அடுத்த ஆண்டு வந்த கணிப்பு. குளத்தில் கையை விட்டுக் கலக்கினால் அலை கரைவரை வருகிறதே, அதுபோல.

வித்தியாசம் என்னவென்றால், இங்கே அசைவது தண்ணீர் இல்லை. வெளியே நீள்கிறது, சுருங்குகிறது. அலை கடக்கும்போது ஒரு திசையில் தூரம் கொஞ்சம் கூடும், அதற்குக் குறுக்கான திசையில் கொஞ்சம் குறையும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் பிரச்னை. நூறு ஆண்டுகளாக யாராலும் இதை நேரடியாக அளக்க முடியாமல் போனதற்குக் காரணமும் அதுதான். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பு அலை பதிவானபோது, 4 கிலோமீட்டர் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது. அதை அளந்ததற்காக ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் மூவருக்கும் 2017இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

லைகோ இதை எப்படி அளக்கிறது?

அளக்கும் கருவியின் பெயர் லைகோ. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் ஒன்று, லூசியானாவின் லிவிங்ஸ்டனில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் செங்கோணத்தில் இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள, காற்று நீக்கப்பட்ட குழாய்.

ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கைகளுக்கும் அனுப்புகிறார்கள். கடைசியில் இருக்கும் கண்ணாடிகளில் பட்டு ஒளி திரும்பி வருகிறது. கைகளின் நீளத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், திரும்பி வரும் இரண்டு ஒளிக்கதிர்களும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஈர்ப்பு அலை வந்து ஒரு கையை நீட்டி இன்னொன்றைச் சுருக்கினால் அந்தக் கணக்கு தவறும். கொஞ்சம் ஒளி வெளியே கசியும். அதைத்தான் அளக்கிறார்கள்.

ஆனால் பூமி சும்மா இருக்காதே. லாரி போகும், கடல் அலை கரையில் மோதும், எங்கோ நிலநடுக்கம் வரும். அதனால் 40 கிலோ எடையுள்ள ஒவ்வொரு கண்ணாடியையும் நான்கு அடுக்குத் தொங்கல் அமைப்பில், கண்ணாடி இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்படியும் ஒரு எல்லை உண்டு. ஒரு விநாடிக்குச் சுமார் 20 அதிர்வுகளுக்குக் கீழே போனால், தரையின் அதிர்வே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். இந்த 20 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

கனம் கூடினால் சிக்னல் ஏன் குறைகிறது?

இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலையாக ஆற்றலை இழக்கின்றன. ஆற்றல் குறையக் குறைய நெருங்குகின்றன. நெருங்க நெருங்கச் சுற்றும் வேகம் கூடுகிறது, அலையின் சுருதியும் ஏறுகிறது. கடைசியில் மோதி ஒன்றாகின்றன.

கல்யாண வீட்டு மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். முகூர்த்தம் நெருங்கும்போது வேகம் பிடிக்கும். தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம். பிறகு அடங்கிவிடும்.

எடை குறைந்த ஜோடி என்றால் நமக்கு அந்த நிதானமான வாசிப்பும் கேட்கும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியபோது, லைகோவில் சிக்னல் சுமார் 100 விநாடி கேட்டது. 2015இல் பதிவான முதல் மோதலில் கருந்துளைகள் சுமார் 36, 29 சூரியன் எடை கொண்டவை. அதில் கேட்டது சுமார் 0.2 விநாடி. அந்தச் சிறு நேரத்துக்குள் சுருதி விநாடிக்கு 35 அதிர்விலிருந்து 250 வரை ஏறியது.

ஏன் இப்படி? கருந்துளை கனமானால் அதன் அளவும் பெரிதாகும். சுழலாத கருந்துளை என்று வைத்துக்கொண்டால், ஒரு சூரியன் எடைக்கு ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். 225 சூரியன் எடைக்கு சுமார் 660 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு சாலையில் போகும் தூரம். பெரிய உருவங்கள் தூரத்திலேயே முட்டிக்கொள்ளும். வேகமாகச் சுற்றும் அளவுக்கு நெருங்கி வர அவற்றுக்கு இடமே இல்லை. கணக்கு எளிது: மொத்த எடை இரட்டிப்பானால், மோதும் நேரத்துச் சுருதி பாதியாகும்.

ஜிடபிள்யூ231123 போன்ற ஜோடிகள் மோதுவதே லைகோவின் அந்த 20 அதிர்வு எல்லையை ஒட்டித்தான். அதற்கு முன் லட்சக்கணக்கான ஆண்டுகள் அவை சுற்றி வந்தது முழுவதும் தரை இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. நமக்குக் கேட்டது கெட்டிமேளம் மட்டும்தான்.

அது வெறும் இரைச்சல் இல்லை என்று எப்படித் தெரியும்?

டிடெக்டரில் அவ்வப்போது காரணம் தெரியாத சின்னச் சின்னத் துடிப்புகள் பதிவாகும். அவையும் ஒரு விநாடிக்கும் ரொம்பக் குறைவாகவே இருக்கும். கனமான கருந்துளை மோதலும் அதே மாதிரிதான் தெரியும். ஒரே ஒரு டிடெக்டரை வைத்துக்கொண்டு இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

அதற்குத்தான் இரண்டாவது டிடெக்டர். ஹான்ஃபோர்டில் வந்த தூசு லிவிங்ஸ்டனில் வராது. ஈர்ப்பு அலை என்றால் இரண்டிலும் வரும். ஒளியின் வேகத்தில் வருவதால், இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் 0.01 விநாடி வித்தியாசம்தான் இருக்க முடியும்.

சரி, இரண்டு இடத்திலும் தற்செயலாக ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால்? அதற்கும் ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். ஒரு டிடெக்டரின் டேட்டாவை வேண்டுமென்றே சில விநாடிகள் நகர்த்தி, இன்னொன்றோடு ஒப்பிடுகிறார்கள். அப்போது பொருந்துகிற எதுவும் உண்மையான அலையாக இருக்கவே முடியாது, தற்செயல்தான். இப்படித் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தால், தற்செயல் பொருத்தம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்துவிடும். டேட்டா வேலை செய்பவர்களுக்கு இது புரியும்: கையில் இருக்கும் டேட்டாவைக் கலைத்துப் போட்டே தவறின் அளவைக் கண்டுபிடிப்பது.

தேடலும் ஒரே வழியில் நடப்பதில்லை. ஒரு வழி, கணக்குப் போட்டு முன்கூட்டியே தயாரித்த ஏராளமான மாதிரி அலைகளோடு டேட்டாவைப் பொருத்திப் பார்ப்பது. இந்த மாதிரிகளை எப்படித் தேர்வு செய்வது என்பதற்கு 1991இல் வழி வகுத்த முன்னோடி ஆய்வு, பி.எஸ். சத்யபிரகாஷ், சஞ்சீவ் துரந்தர் என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகளுடையது. இன்னொரு வழியில் அலையின் மாதிரி வடிவத்தை அவ்வளவாக நம்பாமல், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆற்றல் எகிறுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கனமான, குறுகிய சிக்னல்களுக்கு இந்த இரண்டாவது வழி ரொம்ப உதவும்.

ஜிடபிள்யூ231123 இந்தச் சோதனைகளில் தேறியது. அதன் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 20ஐ ஒட்டியிருந்தது. பொதுவாக இந்தத் துறையில் 8 வந்தாலே நிமிர்ந்து உட்காருவார்கள்.

0.1 விநாடியிலிருந்து எடையை எப்படிக் கணக்கிட்டார்கள்?

கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கேளுங்கள். நாக்கு பட்ட சத்தம் உடனே போய்விடும். அதன் பிறகு ஒரு ரீங்காரம் இருக்கும், மெல்ல மெல்ல ஓயும். பெரிய மணிக்குக் கனத்த சுருதி, ரீங்காரமும் நீளமாக இருக்கும். சின்ன மணிக்கு மெல்லிய சுருதி. கண்ணை மூடிக்கொண்டாலும் மணி எவ்வளவு பெரியது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

கருந்துளையும் அப்படித்தான். இரண்டு மோதி ஒன்றானதும், புதிய கருந்துளை கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வின் சுருதியையும் அது ஓயும் வேகத்தையும் தீர்மானிப்பவை இரண்டே விஷயம்: எடை, சுழற்சி. கருந்துளைக்கு இப்படி ஒரு ரீங்காரம் இருக்கும் என்று 1970இல் முதலில் காட்டியவர் பெங்களூருவில் பிறந்த சி.வி. விஸ்வேஸ்வரா. அப்போது கருந்துளை இருக்கிறதா என்பதே விவாதமாக இருந்த காலம். 1975இல் சுப்ரமணியன் சந்திரசேகர், ஸ்டீவன் டெட்வைலருடன் சேர்ந்து அந்தச் சுருதிகளைக் கணக்கிட்டார். முதல் ஈர்ப்பு அலை கண்டுபிடிப்பு 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது விஸ்வேஸ்வரா உயிரோடு இருந்தார். 2017 ஜனவரியில் காலமானார்.

கனமான மோதல்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மோதலும் இந்த ரீங்காரமும்தான். அதனால் ஜிடபிள்யூ231123இல் மொத்த எடையை ஓரளவு நன்றாகச் சொல்ல முடிகிறது. மோதுவதற்கு முன் யார் எவ்வளவு எடை, யார் எப்படிச் சுழன்றார்கள் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். அந்தத் தகவல் ஒளிந்திருப்பது கேட்காமல் போன நாதஸ்வரப் பகுதியில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், அலை நம்மிடம் வந்து சேர்வதற்குள் நீண்டுவிடுகிறது, சுருதி இறங்கிவிடுகிறது. சுருதி இறங்கினால் நிஜத்தைவிடக் கனமான ஜோடி போலத் தெரியும். எனவே தூரத்தைக் கணித்து, அந்தக் கூடுதலைக் கழிக்க வேண்டும். தூரம் தெரியாவிட்டால் எடையும் சரியாக வராது.

225 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

என் வேலையில் ஒரு எண்ணைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? இந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே மொத்த எடை ஒற்றை எண்ணாக இல்லை; 190 முதல் 265 வரை என்றுதான் இருக்கிறது. தலைப்பிலேயே வரம்பைப் போட்ட நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

விரிவாகப் பார்த்தால்:

• பெரிய கருந்துளை: மையக் கணிப்பு 137 சூரியன். வரம்பு சுமார் 120 முதல் 160 வரை.
• சிறிய கருந்துளை: மையக் கணிப்பு சுமார் 100. வரம்பு சுமார் 50 முதல் 123 வரை.
• மோதலுக்குப் பின் உருவானது: சுமார் 225. வரம்பு சுமார் 180 முதல் 250 வரை.
• தூரம்: மையக் கணிப்பில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரு மடங்காகவும் இருக்கலாம்.

இவை 90 சதவீத நம்பக வரம்புகள். அதாவது, உண்மையான மதிப்பு இந்த வரம்புக்கு வெளியே இருக்கவும் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு.

இங்கே பலரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். 137ஐயும் 100ஐயும் கூட்டி, 225ஐக் கழித்து, "இத்தனை சூரியன் எடை ஆற்றலாக மாறியது" என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் இவ்வளவு அகலமான வரம்பு இருக்கும்போது, மைய எண்களை மட்டும் கழித்து வரும் விடைக்குப் பெரிய மதிப்பில்லை. மோதலில் கணிசமான எடை ஈர்ப்பு அலையாக மாறுவது உண்மை. 2015இன் முதல் நிகழ்வில் அது சுமார் 3 சூரியன் எடை.

இத்தோடு முடியவில்லை. அலையின் வடிவத்தைக் கணிக்க ஒன்றுக்கு மேற்பட்ட கணித மாதிரிகள் இருக்கின்றன. வழக்கமாக அவை கிட்டத்தட்ட ஒரே விடையைத் தரும். இந்த நிகழ்வில் மாதிரிக்கு மாதிரி விடை கொஞ்சம் மாறியது. இவ்வளவு வேகமாகச் சுழலும் கருந்துளைகளின் மோதலை விவரிப்பது கணக்குக்கே சவால் என்பதை ஆய்வாளர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த எடையில் என்ன பிரச்னை?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு இன்றைக்கும் பிரபலம். வெள்ளைக் குள்ள நட்சத்திரம் தாங்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு, இன்றைய கணக்கில் அது சுமார் 1.4 சூரியன். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் எந்த எடையில் என்னவாகும் என்று கேட்கும் மரபு அங்கிருந்து வருகிறது. அதே கேள்வியை மிகப் பெரிய நட்சத்திரங்களிடம் கேட்டால் ஒரு விசித்திரமான பதில் கிடைக்கிறது.

பெரிய நட்சத்திரத்தைத் தன் எடையிலேயே நொறுங்காமல் தாங்கிப் பிடிப்பதில் அதன் உள்ளே இருக்கும் ஒளியின் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு. மையம் சூடேறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில், அந்த ஒளித்துகள்கள் எலக்ட்ரான் – பாசிட்ரான் ஜோடிகளாக மாறத் தொடங்கும். ஒளி குறைந்தால் அழுத்தமும் குறையும். மையம் சட்டென்று சுருங்கும், சுருங்கியதில் அணு எரிப்பு கட்டுக்கடங்காமல் போகும், மொத்த நட்சத்திரமும் வெடித்துச் சிதறும். மிச்சம் எதுவும் இல்லை. கருந்துளைகூட இல்லை.

இதனால் சுமார் 60 முதல் 130 சூரியன் வரை எடையுள்ள கருந்துளைகள் நட்சத்திரத்திலிருந்து நேரடியாகப் பிறக்க முடியாது என்பது கோட்பாடு. ஆங்கிலத்தில் 'மாஸ் கேப்' என்கிறார்கள். நாம் 'எடை இடைவெளி' என்று வைத்துக்கொள்ளலாம். 130க்கு மேலே போனால் ஈர்ப்பு வென்றுவிடும், நட்சத்திரம் வெடிக்காமல் கருந்துளையாகலாம்.

இப்போது மேலே உள்ள வரம்புகளைத் திரும்பப் பாருங்கள். சிறிய கருந்துளையின் மையக் கணிப்பு இடைவெளிக்கு நடுவே விழுகிறது. பெரியது இடைவெளியின் மேல் விளிம்பை ஒட்டி நிற்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் இரண்டு பேர்.

இது முதல் முறையும் இல்லை. 2019 மே 21 அன்று பதிவான ஜிடபிள்யூ190521இல் சுமார் 85, 66 சூரியன் எடையுள்ள கருந்துளைகள் மோதி, 142 ஆனது. அதிலும் கேட்டது சுமார் 0.1 விநாடி, நான்கே நான்கு அலைகள். அப்போது "ஒருவேளை விதிவிலக்கோ" என்று பேசிக்கொண்டார்கள். இப்போது அப்படிச் சொல்வது கஷ்டம்.

அப்படியானால் இவை எப்படி வந்தன?

முன்னணியில் இருக்கும் விளக்கம்: இவை முதல் தலைமுறைக் கருந்துளைகள் இல்லை. சிறிய கருந்துளைகள் மோதி நடுத்தரமானது, நடுத்தரங்கள் மோதி இது. நட்சத்திரங்கள் நெருக்கியடித்து இருக்கும் கூட்டங்களில் இது நடக்கலாம். எடை இடைவெளிப் பிரச்னை இதில் தீர்ந்துவிடும், ஏனென்றால் எந்த ஒரு நட்சத்திரமும் அவ்வளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை.

ஆனால் இதிலும் இரண்டு இடறல். முதலாவது, மோதி உருவாகும் கருந்துளை பெரும்பாலும் ஒரு பக்கமாக உதைத்துத் தள்ளப்படும். அந்த வேகத்தில் கூட்டத்தை விட்டே போய்விட்டால் அடுத்த மோதலுக்கு ஆள் இல்லை. பிடித்து வைத்துக்கொள்ள, கேலக்ஸியின் மையம் போல வலுவான ஈர்ப்பு உள்ள இடம் வேண்டும்.

இரண்டாவது, சுழற்சி. கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 1 என்பது ஐன்ஸ்டைன் கோட்பாடு அனுமதிக்கும் உச்சம். சம அளவுள்ள இரண்டு கருந்துளைகள் மோதினால் பொதுவாக 0.7ஐ ஒட்டிய சுழற்சி வரும். இங்கே மையக் கணிப்புகள் 0.9, 0.8. பெரியது உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சிறியதன் வரம்பு ரொம்ப அகலம், சுமார் 0.3இலிருந்து உச்சம் வரை. அதனால் அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

வேறு வழிகளும் பேசப்படுகின்றன. கேலக்ஸி மையத்தில் ராட்சதக் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுத் தட்டில், வாயுவை விழுங்கியே இவை பெருத்திருக்கலாம். வேகமாகச் சுழலும், காந்தப்புலம் உள்ள நட்சத்திரம் நொறுங்கும்போது அதன் பொருளில் ஒரு பகுதி வெளியே வீசப்பட்டு, இடைவெளிக்குள் விழும் எடையில் கருந்துளை மிஞ்சலாம் என்று 2025 இறுதியில் ஒரு கணினி ஆய்வும் வந்தது. எது சரி என்பதை ஒரே நிகழ்வு சொல்லாது. இதுபோல இன்னும் பல வேண்டும்.

இன்னும் பல வேண்டுமென்றால்?

இங்கேதான் விஷயம் வானத்திலிருந்து தரைக்கு வருகிறது. 2023 நவம்பர் 23 அன்று இத்தாலியின் விர்கோ மேம்பாட்டுப் பணிகளால் இயங்கவில்லை. ஜப்பானின் காக்ராவும் கவனிப்பில் இல்லை. இருந்தது லைகோவின் இரண்டு மட்டும். அதில் ஒன்று அன்று பழுதாகி இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டிடெக்டர் 24 மணி நேரமும் வேலை செய்யாது. பராமரிப்பு, காற்று, நிலநடுக்கம் என்று நிற்கும். ஒவ்வொன்றும் 70 சதவீத நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றில் இரண்டு லைகோக்களும் ஏறத்தாழ அப்படித்தான் ஓடின.

• இரண்டு டிடெக்டர் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் வாய்ப்பு: 0.7 × 0.7 = 49 சதவீதம். பாதி நிகழ்வுகள் அப்படியே போய்விடும்.
• அதே திறனுள்ள மூன்றாவது ஒன்று வந்தால், குறைந்தது இரண்டாவது ஓடும் வாய்ப்பு: 78 சதவீதம்.
• ஒன்று மட்டும் இருந்தால்: பூஜ்யம்.

விர்கோ இப்போதும் உதவுகிறது, ஆனால் லைகோ அளவுக்குத் தூரம் அதற்குக் கேட்காது. அதனால்தான் 'அதே திறனுள்ள' என்ற சொல் இங்கே முக்கியம்.

2025இல் அமெரிக்க அரசு முன்வைத்த 2026 நிதியாண்டு பட்ஜெட் திட்டத்தில், லைகோவின் நிதியைச் சுமார் 40 சதவீதம் குறைத்து, இரண்டு மையங்களில் ஒன்றை மூடும் யோசனை இருந்தது. நிதி ஒதுக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றத்திடம் இருப்பதால் அது யோசனைதான், முடிவில்லை. ஆனாலும் மேலே உள்ள மூன்றாவது வரியை நினைத்துப் பார்த்தால், விஞ்ஞானிகள் ஏன் பதறினார்கள் என்று புரியும்.

மேலே உள்ள இரண்டாவது வரிக்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில், அவுண்டா பகுதியில் லைகோ-இந்தியா அமையவிருக்கிறது. 2016 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. முழு ஒப்புதல் வர 2023 ஏப்ரல் ஆனது. செலவு 2,600 கோடி ரூபாய், இலக்கு 2030. கருவியின் முக்கியப் பாகங்களை அமெரிக்கா தருகிறது. கட்டடம், குழாய், இயக்கம் நம் பொறுப்பு. புனேயின் ஐயூகா, இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை முன்னின்று நடத்துகின்றன. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்திலும் ஈர்ப்பு அலை ஆய்வு நடக்கிறது.

எண்ணிக்கை கூடுவது மட்டும் லாபமில்லை. இரண்டு டிடெக்டரை வைத்துக்கொண்டு அலை வந்த திசையைச் சரியாகச் சொல்ல முடியாது. வானத்தில் பெரும் பரப்பைத்தான் காட்ட முடியும். பூமியின் இன்னொரு பக்கத்தில் மூன்றாவது காது இருந்தால் இடம் சுருங்கும். இடம் தெரிந்தால், அது கேலக்ஸியின் மையமா, நட்சத்திரக் கூட்டமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்க வழியுண்டு.

இதைவிடக் கனமானவை?

கருந்துளை கனமாக ஆக சுருதி இறங்கும் என்று பார்த்தோம். ஒரு கட்டத்துக்கு மேல் தரையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் கேட்காது. லட்சம், கோடி சூரியன் எடையுள்ளவற்றுக்கு விண்வெளிக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லிசா திட்டத்தில், மூன்று விண்கலங்கள் ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஏவத் திட்டமிட்டிருப்பது 2035இல்.

நூறு கோடி சூரியன் எடை வரை போனால் ஒரு அலை கடக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குப் பல்சார்களின் சீரான துடிப்பையே கடிகாரமாகப் பயன்படுத்துகிறார்கள். 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் இந்த வழியில் வலுவான அறிகுறியை அறிவித்தன. அதில் புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்திய – ஜப்பானியக் குழுவும் உண்டு.

லைகோவின் நான்காவது கவனிப்புச் சுற்று 2025 நவம்பரில் முடிந்தது. அந்த ஒரு சுற்றில் மட்டும் சுமார் 300 மோதல் சிக்னல்கள் சிக்கின. அவற்றின் ஆய்வு முடிவுகள் அடுத்தடுத்து வரும். "இதுவரை இல்லாத ராட்சதக் கருந்துளை" என்று இன்னொரு செய்தி உங்கள் போனில் வந்து நிற்கலாம். அப்போது மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: எத்தனை டிடெக்டரில் கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது, அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் வரம்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா. மூன்றுக்கும் பதில் இருந்தால் நம்பிப் படிக்கலாம். இல்லையென்றால், ஷேர் பண்ணும் முன் கொஞ்சம் பொறுங்கள்.